நிறுத்திய குளிசையை மறுபடி தொடங்கியபோது

எங்கள் மாதாந்தக் கிளினிக்கில் காலையிலேயே போய் இலக்கம் எடுத்துவிட்டு வாங்கிலில் உட்கார்ந்தால், மத்தியானம் வரை கதைதான். மீன் விலை, மழை, யாருடைய மகள் கனடாவுக்குப் போகிறாள் என்பதெல்லாம் ஓய்ந்த பிறகு கதை நோய்க்கு வந்து நிற்கும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் பிறசர்க் குளிசையைக் கனகாலம் விழுங்கினால் கிட்னி போய்விடுமாம் என்று யாராவது தொடங்குவார். பக்கத்தில் இருப்பவர் ஓம் என்பார். உடனே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். மற்றப் பாதியையும் சேர்த்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் றீற்றா. முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறோம். என் கணவர் சூசைதாசன் கடல் தொழில் செய்கிறவர். நான் கருவாடு போடுகிறேன். மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் பரப்பி, திருப்பித் திருப்பிக் காய வைக்கும் வேலை. எங்களுக்கு ஒரே மகள், நிரோஜா. வவுனியாவில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறாள்.

சில வருடங்களுக்கு முன்னர் தலைச்சுற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் எனக்குப் பிறசர் இருப்பது தெரிந்தது. இரண்டு குளிசைகள் தந்தார்கள். ஒன்று லொசாட்டன், இரத்தக் குழாய்களைத் தளர்த்திப் பிறசரைக் குறைப்பது. மற்றது உடம்பில் கூடுதலாக நிற்கும் உப்பையும் தண்ணீரையும் சலத்தோடு, அதாவது சிறுநீரோடு, வெளியே அனுப்புவது. அதை நாங்கள் தண்ணிக் குளிசை என்போம். ஒரு நாளும் விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நான் ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் சிலுவை போட்டுக்கொண்டு எழும்பினால் அடுத்த வேலை குளிசைதான். பிறசரும் நன்றாகவே அடங்கியிருந்தது.

சென்ற வருடம் கோடை கடுமையாக இருந்தது. மீன் பிடிபாடு நன்றாக இருந்ததால் நாள் முழுக்க வெயிலில் குனிந்து நிமிர்ந்ததில் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. பாமசியில் நோவுக்குக் குளிசை கேட்டு வாங்கினேன். போட்டவுடன் கால் லேசானது. இரண்டு கிழமையாக அதையும் மற்ற இரண்டோடு சேர்த்துப் போட்டு வந்தேன். கடைக்காரர் என்னிடம் வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. இங்கே யாருக்குத்தான் கால் நோ இல்லை?

அந்த நேரத்தில்தான் எங்கள் கோவில் பெருநாள் வந்தது. பெருநாள் சாப்பாடு என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் தொடங்கிய வயிற்றோட்டமும் சத்தியும் நிற்கவே இல்லை. குடித்த கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அப்படியிருந்தும் காலையில் குளிசைகளை மட்டும் விடவில்லை. வயிறு பிரட்டினாலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிடுவேன். சுகமில்லாத நேரத்தில்தான் மருந்தைக் கவனமாக எடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வயிற்றோட்டம் ஓய்ந்த பிறகு எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. நேற்றிலிருந்து சலமே போகவில்லை. முக்கிப் பார்த்தபோது பிளேன்ரீ நிறத்தில் கொஞ்சம் வந்தது, அவ்வளவுதான். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். குசினி வாசல் ஒரு பக்கமாகச் சரிவது போல இருந்தது. கண் திறந்தபோது நிலத்தில் கிடந்தேன். சூசைதாசன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிறசர் பார்த்த தாதி இரண்டாம் முறையும் பார்த்தார். இத்தனை வருடமாகக் கூடிவிடும் கூடிவிடும் என்று பயந்த பிறசர் அன்று ஒரேயடியாக விழுந்து கிடந்தது. உடனே சேலைன் ஏற்றினார்கள், இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். எனக்கு வயிற்றோட்டம்தானே, ஏன் நெஞ்சைப் பார்க்கிறார்கள் என்று விளங்கவில்லை. பிறகு வந்த டொக்டர் சொன்னார்: கிட்னி வேலை செய்யாவிட்டால் பொற்றாசியம் என்ற உப்பு இரத்தத்தில் ஏறும், அது ஏறினால் இதயம் தடுமாறும். இன்னொன்றும் ஏறியிருக்கிறது, அதன் பெயர் கிரியேற்றினின். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. கிட்னி அதை வடித்துச் சலத்தோடு அனுப்பிவிடும். வடிக்காவிட்டால் இரத்தத்திலேயே தேங்கும். ஒன்றுக்கு மேலே போகக்கூடாத அந்த அளவு எனக்கு ஆறைத் தாண்டியிருந்தது.

என்னுடைய குளிசைகள் எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்தினார்கள். பொற்றாசியத்தைக் குறைக்க ஊசி போட்டு, வவுனியாவுக்கு அம்புலன்சில் ஏற்றினார்கள்.

கிட்னி என்ற சொல் எங்கள் பக்கத்தில் சாதாரணச் சொல் இல்லை. கிணற்றுத் தண்ணீரால்தான் கிட்னி போகிறது என்ற பயத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீரைச் சந்தேகிக்கிறோம், வடிகட்டின தண்ணீரைக் கானில் வாங்கிக் குடிக்கிறோம். என் அக்காவின் கணவர் கிழமைக்கு மூன்று தரம் இரத்தம் வடிக்கிற மெசினுக்குப் போய்ப் போய்த்தான் இறந்தார். அம்புலன்சில் படுத்திருந்தபோது அவருடைய முகம்தான் கண்ணுக்குள் நின்றது. சூசைதாசன் என் காலடியில் உட்கார்ந்திருந்தார். மாங்குளம் தாண்டும் வரைக்கும் அவர் என் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தார். கடலில் கயிறு பிடிக்கிற கை, எனக்கு வலித்தது. ஆனால் விடச் சொல்லவில்லை.

வவுனியாவில் முதலில் வயிற்றை ஸ்கான் செய்தார்கள். கிட்னி டொக்டர் ஒரு சிங்களப் பெண். என் மகளின் வயதுதான் இருக்கும். இங்கே வேலைக்கு வந்து தமிழ் பழகினவராம். ஸ்கானைப் பார்த்துவிட்டு, கிட்னிகளின் அளவு சரியாக இருக்கிறது, அது நல்ல செய்தி என்றார். கன வருடமாகப் பழுதான கிட்னி பெரும்பாலும் சுருங்கிவிடும், உங்களுடையது சுருங்கவில்லை, ஆகவே இது புதிதாக வந்த பாதிப்பு என்றார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விசாரிக்கத் தொடங்கினார். என்ன சாப்பிட்டேன், எத்தனை தரம் வயிற்றால் போனது, என்னென்ன மருந்து என்று எல்லாம் கேட்டார். நான் லொசாட்டனையும் தண்ணிக் குளிசையையும் சொன்னேன்.

"அம்மா, நோவுக்கு ஏதும் குளிசை போட்டீங்களா?"

அதை நான் மருந்துக் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. முழங்காலுக்குப் போட்டதைச் சொன்னதும் அவர் தலையை மெதுவாக ஆட்டினார். அவருக்கு விடை கிடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே சொல்கிறேன். கிட்னிக்குள் கண்ணுக்குத் தெரியாத சல்லடைகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு சல்லடைக்கும் இரத்தம் உள்ளே வர ஒரு சின்னக் குழாய், வெளியே போக ஒரு சின்னக் குழாய். இரத்தம் ஓர் அளவு அழுத்தத்தோடு வந்தால்தான் கழிவு வடியும். உடம்பில் தண்ணீர் குறையும்போது கிட்னி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே போகும் குழாயை இறுக்கி, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். லொசாட்டன் அந்தக் குழாயைத் தளர்த்துகிறது. மற்ற நாட்களில் அது நல்லது, சல்லடையில் இருக்கும் பாரத்தைக் குறைக்கும். தண்ணிக் குளிசை உடம்பில் இருக்கிற தண்ணீரைக் குறைக்கிறது. அதுவும் மற்ற நாட்களில் நல்லது. நோக் குளிசையோ உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. வெயிலும் வயிற்றோட்டமும் என் உடம்பை வற்ற வைத்திருந்த நேரத்தில் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. உள்ளே வரும் இரத்தமும் குறைவு, அழுத்தத்தைப் பிடித்து வைக்கவும் வழியில்லை. பட்டினி கிடந்து கிட்னி அடிபட்டுப்போய்விட்டது.

காரணம் கிணற்றுத் தண்ணீரும் இல்லை, சாபமும் இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்ததே எனக்குப் பாதி ஆறுதலாக இருந்தது. ஆனால் சலம் இன்னும் வரவில்லை.

அடுத்த நாட்கள் காத்திருப்புத்தான். சலத்துக்கு ரியூப் போட்டுப் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்க்க முன்னர் பையைப் பார்த்தார்கள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக்கூட இல்லை. குடிக்கும் தண்ணீரும் அளந்துதான். ஊரிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர் இரண்டு செவ்விளநீரை வெட்டி ஆசையோடு நீட்டினார். தாதி ஓடி வந்து வாங்கிக்கொண்டார். இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொற்றாசியம் கூடவாம், இந்த நேரத்தில் எனக்கு அது நஞ்சு. கொண்டுவந்தவர் முகம் செத்துப்போனது. அவரையே குடிக்கச் சொன்னோம்.

நிரோஜா இரண்டு நேரமும் சாப்பாடு கொண்டு வந்தாள். மரக்கறியை வெட்டி, கன தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரையும் ஊற்றிவிட்டுச் சமைக்க வேண்டும் என்று தாதி சொல்லிக் கொடுத்திருந்தார். உப்பும் இல்லை, ருசியும் இல்லை. அவள் அதே கறியைத் தானும் ஒரு கோப்பையில் போட்டு எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் என் தலையை வாரிப் பின்னிவிடுவாள். சின்ன வயதில் நான் இழுத்துப் பின்னுகிறேன் என்று அழுகிறவள், இப்போது என் தலையில் சீப்புப் படுகிறதா என்றே தெரியாத மாதிரி வாரினாள்.

பக்கத்துக் கட்டிலில் கமலாதேவி என்று வட்டக்கச்சியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருந்தார். வயல் செய்கிற குடும்பம். அவருடைய இரண்டு கிட்னியும் எப்போதோ போய், மெசினில்தான் இருக்கிறார். காய்ச்சல் என்று வாட்டில் வைத்திருந்தார்கள். பொற்றாசியம் இறங்கவில்லை, எனக்கும் மெசின் போட வேண்டும் என்று முடிவான காலையில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். அவர் எழும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"மெசினுக்கு ஏன் பயப்பிடுறீர்? எனக்கு அதுதான் சீவியத்துக்கு. உமக்கு அது கைத்தாங்கல் மட்டும். கிட்னி எழும்பி நடக்குமட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கும், பிறகு விட்டிடும்."

தன்னுடையது இனி எழும்பாது என்று தெரிந்த ஒருவர் அதைச் சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அன்று என்னை மெசினுக்குக் கொண்டுபோக முன்னர் வாசலில் ஒரு கதை நடந்தது. பிறகு தாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிட்னி டொக்டர் வாட்டை விட்டு வெளியே வரும்போது சூசைதாசன் வழியில் நின்றிருக்கிறார். கோவிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தாராம்.

"டொக்டர், எனக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. ஒண்டை எடுத்து அவவுக்கு வையுங்கோ. நான் காலமை ஒண்டும் சாப்பிடாமத்தான் வந்தனான்."

ஒப்பரேசனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறார். டொக்டருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை என்றார் தாதி. பிறகு சொன்னாராம்: "ஐயா, அவங்கட கிட்னி சாகல்ல. மயங்கி இருக்கு. கொஞ்சம் பொறுங்க. இப்ப போய்ச் சாப்பிடுங்க."

முப்பது வருடத்துக்கு மேலாக அந்த மனிதரோடு வாழ்கிறேன். என்னை விருப்பம் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. கேட்ட பிறகு தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு கன நேரம் கிடந்தேன்.

மெசின் நான் நினைத்த மாதிரி இருக்கவில்லை. கழுத்து நரம்பில் மருந்தால் விறைக்க வைத்து ஒரு குழாய் போட்டார்கள். அதுதான் நோ. மற்றபடி, இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், வடிபட்டு, மற்றக் குழாயால் திரும்பி வருகிறது. குளிர்ந்தது, போர்த்திவிட்டார்கள். செபமாலை சொல்லத் தொடங்கி இடையில் நித்திரையாகிவிட்டேன். இரண்டு தரம் அப்படிப் போட்டார்கள்.

மூன்றாவது தரத்துக்கு ஆயத்தம் செய்திருந்த காலையில் பையை மாற்ற வந்த தாதி, "அம்மா, இஞ்ச பாருங்கோ" என்று தூக்கிக் காட்டினார். பை பாதி நிறைந்திருந்தது. மத்தியானம் இன்னொரு தரம் நிறைந்தது. கிட்னி திரும்பி எழும்பும்போது முதலில் இப்படித்தான் சலம் கூடுதலாகப் போகுமாம். அடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியேற்றினின் தானாகவே இறங்கத் தொடங்கியிருந்தது. இனி மெசின் வேண்டாம் என்றார் டொக்டர். கமலாதேவி அக்கா தன் கட்டிலில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். சூசைதாசன் வெளியே போய் ஊருக்குப் போன் எடுத்தார். யன்னலால் எனக்குக் கேட்டது. அதிகம் பேசாத மனிதர், என் மச்சாளுக்கும் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் பங்குத்தந்தைக்கும் நான் எவ்வளவு சலம் போனேன் என்று மில்லிலீற்றர் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குத்தந்தைக்காவது சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வாங்கிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த பாதி இவ்வளவுதான். குளிசை போட்டாள், கிட்னி அடிபட்டது, தப்பி வந்தாள். மற்றப் பாதி வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது.

பிறசர்க் குளிசை எதுவும் இல்லாமல்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். முதலில் கிட்னி தேறட்டும், பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர். இரண்டாம் மாதம் வவுனியாவுக்குப் போனபோது கிரியேற்றினின் நன்றாக இறங்கியிருந்தது. பிறசரோ மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. லொசாட்டனைச் சின்ன அளவில் மறுபடி தொடங்குவோம் என்றார் அவர்.

நான் மாட்டேன் என்றேன். அவர் பொறுமையாக எல்லாம் சொன்னார். பிறசர் கூடி நின்றால் அந்தச் சல்லடைகள் நாளடைவில் கிழிந்துபோகும், சலத்தில் புரதம் ஒழுகுகிறது என்று பரிசோதனை காட்டுகிறது, அந்த ஒழுக்கை இந்தக் குளிசைதான் நன்றாகக் குறைக்கும் என்றார். எனக்கு எதுவும் ஏறவில்லை. பாம்பு கடித்த கையை மறுபடி புற்றுக்குள் வைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வெளியே வந்துவிட்டேன். சூசைதாசனும் என் பக்கம்தான். எங்களுக்கு அந்த மருந்தே வேண்டாம், கடவுள் விட்ட வழி என்றார்.

வெளியே மரத்தடியில் கமலாதேவி அக்கா இருந்தார். அன்று அவருக்கு மெசின் நாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நடந்ததைச் சொன்னேன். குளிசையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என்ர கிட்னி எப்பிடிப் போனது எண்டு நீர் ஒருநாளும் கேக்கேல்லை" என்றார்.

தண்ணீரால் என்று நானாக நினைத்திருந்தேன். அவர் சொன்னார்: "எனக்கும் பிறசர்தான். குளிசை கிட்னியைத் தின்னும் எண்டு சனம் சொல்லிச்சுது. நானும் நிப்பாட்டினனான். தலையிடி இல்லை, ஒண்டும் இல்லை, நல்லாத்தான் இருந்தனான். பிறசர் உள்ளுக்கு இருந்து அரிச்சது தெரியேல்லை. தெரிஞ்ச நேரம் எல்லாம் முடிஞ்சுது."

அவருடைய கையில் மெசினுக்கு ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உம்மட கிட்னி திரும்பி வந்திருக்குது, பிள்ளை. எல்லாருக்கும் வராது. போய் அந்த டொக்டரிட்டைக் கேளும், எப்பிடிப் போட்டால் பயமில்லை எண்டு."

நான் திரும்பிப் போனேன். டொக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பப் போனவர், என்னைக் கண்டு மறுபடி உட்கார்ந்தார். எப்படிப் போட்டால் பயமில்லை என்று கேட்டேன். முதலில் மிகச் சிறிய அளவு, ஒன்றிரண்டு கிழமையில் இரத்தப் பரிசோதனை. கிரியேற்றினின் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம், சல்லடையின் பாரம் குறைவதால் அப்படி ஏறும். கூடுதலாக ஏறினால் நிறுத்துவோம். தண்ணிக் குளிசை இப்போதைக்கு இல்லை. நோவுக்கு என்றால் பரசிற்றமோல் மட்டும், அதுவும் கேட்டுவிட்டு. சத்தியோ வயிற்றோட்டமோ கடும் காய்ச்சலோ வந்து சாப்பாடு தண்ணீர் தங்காவிட்டால், உடனே கிளினிக்குக் கதைத்து, அவர்கள் சொன்னால் சுகமாகும் வரை இந்தக் குளிசையை நிறுத்தி வைக்க வேண்டும். மற்ற நேரத்தில் நானாக நிறுத்தக்கூடாது. சூசைதாசன் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டார்.

முதல் குளிசையை விழுங்கிய அன்று சூசைதாசன் கடலுக்குப் போகவில்லை. கிழிந்த வலையைப் பொத்த வேண்டும் என்று காரணம் சொன்னார், ஆனால் வலையைத் தொடவேயில்லை. நான் சலத்துக்குப் போய் வரும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தார். சரிதான் என்று தலையாட்டினால் மறுபடி குனிவார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது கிரியேற்றினின் ஒரு பொட்டு ஏறியிருந்தது. டொக்டர் எதிர்பார்த்த அளவுதான். அடுத்த முறை அங்கேயே நின்றது. பிறசர் இறங்கியது. சலத்தில் ஒழுகிய புரதமும் குறைந்தது.

என் கிட்னி முழுதாகத் திரும்பி வரவில்லை. கொஞ்சம் போனது போனதுதான் என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். மிச்சம் இருப்பதை வைத்துக்கொண்டு கன காலம் வாழலாம் என்பதையும் சொல்லியிருக்கிறார். இப்போது வெயில் ஏற முன்னர் கருவாட்டு வேலையை முடித்துவிடுகிறேன். முழங்காலுக்கு எண்ணெயும் ஒத்தடமும்தான். வாங்கிலில் குளிசைக் கதை வரும்போது என் பங்குக்கு இரண்டு பாதியையும் சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

போன மாதம் வவுனியாவுக்குப் போனபோது, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார் டொக்டர். சந்தோசத்தில் நிரோஜாவின் வீட்டில் மோர், சோடா என்று நன்றாகக் குடித்துவிட்டுப் பின்னேரப் பஸ்சில் ஏறினோம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வாயைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள். இடையில் சலம் முட்டினால் வெட்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரை இருப்போம். நெடுங்கேணிக்குக் கிட்ட எனக்கு முட்டியது. கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தேன். பிறகு, எதற்கு அடக்குகிறேன் என்று எனக்கே தோன்றியது. எழும்பிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறைந்த சனத்துக்கு நடுவில் சத்தமாகச் சொன்னேன்.

"தம்பி, பஸ்சை ஒருக்கா நிப்பாட்டும். எனக்குச் சலம் வருது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சாரதி ஒரு கடைக்கு முன்னால் ஓரம் கட்டினார். நான் இறங்கிப் போய்வந்து ஏறும்போது இன்னும் நாலைந்து பெண்கள் இறங்கி வரிசையில் நின்றார்கள். சூசைதாசன் யன்னலோரம் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"நல்லாப் போச்சுதோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"ஓம்" என்றேன்.